ஓடைக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பிறகு எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகிறேன். நீலகிரி அவலாஞ்சியில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து மலையும் ஓடையும் வரைந்தேன். மலை ஓரளவு வந்துவிட்டது. ஓடை மட்டும் மலைச்சரிவில் காயப்போட்ட வேட்டி மாதிரி தனியாகத் தெரிகிறது. நீலம் சேர்த்தேன், வெள்ளை சேர்த்தேன், இன்னும் கெட்டதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் புகைப்படத்தைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வெயில் பட்ட தண்ணீரைக் கேமரா பெரும்பாலும் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும், அதைப் பார்த்து நாமும் வெள்ளையை அள்ளிப் பூசிவிடுகிறோம். நீங்கள் அங்கே நேரில் நின்றிருக்கிறீர்கள், அதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சோலைக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் ஓடை நீலமாகவா இருந்தது? மரநிழல் விழுந்த இடம் கரும்பச்சை, அடியில் பாறை தெரியும் இடம் கட்டன்சாயா நிறம், புல்வெளிக்கு வந்து விரிந்ததும் மேகத்தின் சாம்பல். அவ்வளவு சின்ன ஓடைக்குச் சொந்த நிறம் என்று எதுவும் இல்லை, சுற்றி இருப்பதைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. அதனால் ஓடைக்கென்று தனியாக வண்ணம் கலக்காதீர்கள். மலைக்கும் கரைக்கும் கலந்து தட்டில் மிச்சமிருப்பதையே எடுங்கள். நிழலில் இருப்பது நீரில் ஒரு படி வெளிறியும், வெளிச்சத்தில் இருப்பது ஒரு படி மங்கியும் தெரியும்.

இருட்டை முதலில் போடுங்கள். கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். வெள்ளை கடைசியில்தான், தண்ணீர் பாறையில் மோதி உடையும் இடங்களில் மட்டும், ஐந்தாறு தொடுகை போதும்.

அப்புறம் வடிவம். தூரத்து வளைவுகளை அகலமாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வேட்டி தோற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். தள்ளிப் போகப்போக ஓடை சட்டென்று ஒடுங்கி வெறும் கோடாகிவிடும், அடுத்த மேட்டுக்குப் பின்னால் மறைந்தும் போகும், தைரியமாக மறைத்துவிடுங்கள். தேங்கிய நீருக்குத் தூரிகை கிடையாகப் போகட்டும், விழும் நீருக்கு விழும் திசையில்.

இருக்கும் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரமாக இருந்தால் வெள்ளையைத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்திருந்தால் அதன் மேலேயே இருண்ட பூச்சைக் கொடுக்கலாம், ஆனால் அதில் அடிப்பூச்சில் இருப்பதைவிட ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் மிகுந்த பூச்சு மேலே போனால் அது முந்திக் காய்ந்து இறுகிவிடும், கீழே இருப்பது மெதுவாகக் காயும்போது மேல்பூச்சு வெடிக்கும். என் படம் ஒன்று இப்படி வெடித்துப் போனது, இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது. வார்னிஷுக்கு அவசரப்படாதீர்கள், ஆறு மாதமாவது போகட்டும். ஓடையைத் திருத்தியதும் படத்தை அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.