கடலூரில் ஒரு குழந்தைக்கு அரிய நோய் வந்தால் ஏழைக் குடும்பம் மட்டும் ஏன் அதிகம் தவிக்கிறது?

மருந்து விலை அப்புறம்தான், முதல் இடி நோயின் பெயரே தெரியாமல் போவது. உடலில் ஒரு என்சைம் (நொதி) குறைவதால் வரும் பரம்பரை நோயான கோஷே நோயை (Gaucher) எடுத்துக்கொள்ளுங்கள்: மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும், ரத்தம் குறையும், கடலூர் முதுநகரில் ஒரு மீனவர் வீட்டில் அதைப் பூச்சி, சத்துக்குறைவு என்றே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம், வசதியுள்ளவர் சீக்கிரமே என்சைம் பரிசோதனைக்குப் போய்விடுவார்.

சரி, கண்டுபிடித்தாச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க, குறையும் அந்த என்சைமை மருந்தாக ஏற்ற வேண்டும். அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்படி மத்திய அரசு உதவிக்கு 50 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு (அந்த அளவுக்கு உயர்த்தியதே 2022-ல்). அதுவும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற சிறப்பு மையம் வழியாகத்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவின் ஒருநாள் கூலி போகிறது, அதை யாரும் மருத்துவச் செலவில் எழுதுவதில்லை, இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.