இரண்டு பவுன் குண்டு

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, எச்1பி விசாவில் டெக்சாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். கைத்துப்பாக்கி, 44 மேக்னம். கடையில் 180, 240, 300 கிரெயின் என்று பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறான். எடை கூடினால்தான் நல்லதா?"

தம்பி, நான் இப்போது லீவில் செக்கானூரணியில் இருக்கிறேன். டெக்சாஸ்காரனாகி இருபத்திரண்டு வருஷம். எதிரே பெரியப்பாவின் கடலைக் காடு. பன்றி வராமல் இருக்க வேலி முழுக்கப் பழைய சேலைகளைக் கட்டி வைத்திருக்கிறார். 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால் இங்கே அவர் கையில் அவ்வளவுதான் இருக்கிறது. "அங்க சுட்டா கேஸ் இல்லையா?" என்று தினமும் கேட்கிறார். உங்கள் விஷயத்தில் கேஸ் ஆகலாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். அதில் நமக்கு உதவுகிற விதிவிலக்கு ஒன்று உண்டு: அங்கே வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸே வேண்டாம். உங்கள் நண்பர் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் அந்த ஊர்க்காரர், அவருக்குச் சரி. உங்களுக்கு அந்தக் காகிதம்தான் துப்பாக்கியைத் தொடவே அனுமதி. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் இதே கதைதான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் கட்டாயம். லைசென்ஸ் ஆகஸ்ட் 31 வரைதான். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலை பீரோவுக்குள் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வந்தபிறகு இந்தத் தலைவலி இல்லை.

சரி, எடைக்கு வருவோம். பெட்டியில் போட்டிருப்பது முழுத் தோட்டாவின் எடை இல்லை, முன்னால் உட்கார்ந்திருக்கும் குண்டின் எடை மட்டும். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு; ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மதுரை நகைக்கடைத் தெருவான தெற்கு ஆவணி மூல வீதிக் கணக்கில் சொன்னால் 180 என்பது ஒன்றரைப் பவுன், 240 இரண்டு பவுன், 300 இரண்டரைப் பவுன். மூன்றிலும் சேதாரம் கழித்த மாதிரி துளி குறையும். 44 என்றால் 0.44 அங்குலம் என்று நினைப்போம், அதுவும் பேரில்தான்; குண்டின் குறுக்களவு 0.429 அங்குலம்.

நான் முதலில் வாங்கியது இரண்டரைப் பவுன். பன்றி பெரிசு, குண்டும் பெரிசாக இருக்கட்டும் என்ற நினைப்பு. நாலாவது வெடியில் கட்டைவிரல் இடுக்கு கன்றிப்போனது. ஐந்தாவதுக்கு, தோட்டாக்களைச் செருகி வைக்கும் உருளை சுற்றவே மறுத்தது. டவுன் பஸ் சடாரென்று கிளம்பினால் நிற்கிறவர் பின்னால் சாய்வாரில்லையா, அந்த மாதிரி துப்பாக்கி பின்னால் பாயும்போது மிச்சமிருக்கும் தோட்டாக்களில் குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. குண்டைப் பிடித்திருக்கும் உலோகக் கூடு மட்டும் பின்னால் போகிறது. அப்படி நழுவி வெளியே நீண்ட ஒரு குண்டு உருளையைப் பூட்டிவிட்டது. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்பது அதிக எடையில் ரொம்ப முக்கியம்.

குறியும் மாறும். 25 கஜத்தில் 240க்குச் சரியாக வைத்த குறிகாட்டியோடு 300ஐச் சுட்டேன், உள்ளங்கை அளவு மேலே போய் விழுந்தது. கனமான குண்டுதான் கீழே இறங்கும் என்று நினைத்திருந்தேன். அது மெதுவாகப் போவதால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது, அதற்குள் குழல் எகிறத் தொடங்கிவிடுகிறது. 180 வேகமாகக் கிளம்பிப் போய்விடுவதால் கீழே அடிக்கும். அதனால் எடையை மாற்றினால் குறிகாட்டியையும் மாற்றியாக வேண்டும்.

என் உண்மையான வியாதியைக் கண்டுபிடித்தவர் பக்கத்துப் பண்ணைக் கிழவர். நான் பார்க்காதபோது உருளையில் ஒரு வெற்றுக் கூட்டைச் செருகிக் கொடுத்தார். விசையை இழுத்தேன், 'க்ளிக்'. வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் நுனி ஒரு ஜாண் கீழே குத்தியது. வரப்போகும் உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே அமுக்கியிருக்கிறது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். எந்த எடையில் குழல் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் உங்கள் எடை. என் யூகம், 240இல் வந்து நிற்பீர்கள். 44 மேக்னத்துக்கு வழக்கமான எடையே அதுதான். பழகுவதற்கு 44 ஸ்பெஷல் தோட்டா வாங்குங்கள், மேக்னத்தின் குட்டையான, வலு குறைந்த அண்ணன் அது. அதே துப்பாக்கியில் போகும், உதை பாதிகூட இருக்காது. 44 ஸ்பெஷல் துப்பாக்கியில் மேக்னம் மட்டும் போடக் கூடாது.

180ஐ நான் ஏன் தள்ளுகிறேன் என்றால், அது பெரும்பாலும் நுனியில் குழி வைத்த குண்டு, பட்டதும் விரிந்துவிடும். கிடாப் பன்றியின் தோளில் தேங்காய் மட்டை மாதிரி ஒரு தடிப்பு உண்டு, குண்டு அதிலேயே சக்தியைச் செலவழித்துவிட்டு உள்ளே போகாமல் நிற்கலாம். செம்புறை போட்ட, நுனி மட்டும் ஈயம் தெரியும் 240 போதும். பெரிய கிடாவுக்குக் கெட்டி ஈயத்தில் வார்த்ததை எடுப்பவர்களும் உண்டு. அது விரியாது, ஆழமாகப் போகும். பின்னால் யார், என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சுட வேண்டும். பன்றியின் நெஞ்சு நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால் மூட்டை ஒட்டி இருக்கிறது. 50 கஜத்துக்கு மேல் கைத்துப்பாக்கியை நான் நீட்டுவதில்லை. காதுக்கு மூடி இல்லாமல் ஒரு வெடிகூட வேண்டாம், எனக்கு இடது காதில் இன்னும் வண்டு ரீங்காரம் கேட்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு எடுத்து வராதீர்கள். நாலு வருஷம் முன்னால் என் பையின் அடித்தையலில் ஒரு வெற்றுக் கூடு சிக்கியிருந்ததை விமான நிலையத்தில் கண்டுபிடித்து மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வெடிக்காத தோட்டாவாக இருந்திருந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கே வந்திருக்கும்; வெளியே அம்மா தூக்குச் சட்டியில் கறிக்குழம்போடு காத்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கிளம்புமுன் பையைக் கவிழ்த்துத் தட்டி, தையலோரம் முழுக்க விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.