கைதட்டலுக்குப் பிறகு என்ன? பள்ளிப் பிள்ளைகளை ஸ்டெம் துறைகளுக்கு அழைத்து வருவது பற்றி

கேள்வி: அளவுக்கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த வேலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் உண்டாக்கும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் கொடுத்திருக்கிறது. போன ஆண்டு ஒரு பள்ளியில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தினோம். ரோபோ, டிரோன் எல்லாம் காட்டினோம், பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். சில மாதம் கழித்து ஆசிரியரிடம் கேட்டால், "நல்லா இருந்துச்சு மேடம், ஆனா அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசலை" என்கிறார். எந்த வயதில் தொடங்குவது? கல்லூரியையும் பிற நிறுவனங்களையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது? என் வேலையோ ராக்கெட் விடுவது மாதிரி கவர்ச்சியானது கிடையாது. பிள்ளைகளிடம் அதைப் பற்றி என்ன பேசுவது?

பதில்: கடைசிக் கேள்வியில்தான் உங்கள் பலமே இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆசிரியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

இப்படி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கோடு போகிறார்கள்: பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிப்பதில்லை, பிடிக்க வைத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். அந்தக் கணக்கே சரியில்லை. லண்டன் கிங்ஸ் காலேஜில் 2009-ல் தொடங்கிய 'ஆஸ்பயர்ஸ்' என்ற ஆய்வு, இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பள்ளியில் படிக்கும் அறிவியல் சுவையாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பாடம் பிடிக்கிறது, ஆனால் 'அதெல்லாம் நமக்கு இல்லை' என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலோ உறவிலோ அந்தத் துறையில் ஒருவர் இருக்கிறாரா, அறிவியல் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறதா, அந்தப் படிப்பு எந்தெந்த வேலைக்கு இட்டுச் செல்லும் என்று குடும்பத்துக்குத் தெரியுமா என்பவைதாம் அந்த எண்ணத்தை முடிவு செய்கின்றன. ஆய்வை நடத்திய லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் இவற்றை மொத்தமாக 'அறிவியல் மூலதனம்' என்று குறிப்பிட்டார்கள்.

உங்கள் டிரோன் இந்த மூலதனத்தில் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. பிடித்ததை இன்னும் கொஞ்சம் பிடிக்க வைத்தது, அவ்வளவுதான். அந்தத் துறையில் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு, மறுநாளும் தெரிந்த ஆள் இல்லை.

வயது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராபர்ட் டாய் குழுவினர் 2006-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், முப்பது வயதில் அறிவியல் சார்ந்த வேலையில் இருப்போம் என்று எட்டாம் வகுப்பிலேயே சொன்ன மாணவர்கள், மற்றவர்களைவிட உயிரியல் துறைகளில் பட்டம் பெறும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்றும், இயற்பியல், பொறியியல் துறைகளில் மூன்று மடங்குக்கும் மேல் என்றும் தெரியவந்தது. எட்டாம் வகுப்பில் அப்படிச் சொன்னதே பட்டத்துக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நேரத்தில் போய் நிற்பது தாமதம் என்பது தெளிவு. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் தொடங்குங்கள். உயர்நிலை வகுப்புகளுக்கு வேறு மாதிரி உதவி தேவை: எந்தப் பாடம், எந்தப் படிப்பு, எங்கே உதவித்தொகை என்ற தகவல். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் குழப்ப வேண்டாம்.

மேடைப் பேச்சும் செய்து காட்டும் சோதனையும் வீண் என்று சொல்ல வரவில்லை. மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அறிவியலுக்குள் வந்ததே ஒரு பொது உரையின் வழியாகத்தான். ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். ஃபாரடே ஏழைக் குடும்பத்துப் பையன், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். கடை முதலாளி ரீபோ, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவர் படிப்பதைத் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார். கடைக்கு வாடிக்கையாக வரும் டான்ஸ் என்பவர், 1812-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் அமைப்பில் வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய உரைகளுக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஃபாரடே உரைகளைக் குறிப்பெடுத்து, அழகாக எழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். டேவி பதில் எழுதினார், நேரில் பார்த்தார். 1813-ல் ஆய்வகத்தில் உதவியாளர் இடம் காலியானபோது கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

இதில் உரை ஒரு பங்குதான். முதலாளி, சீட்டு கொடுத்த வாடிக்கையாளர், பதில் எழுதிய விஞ்ஞானி என்று மூன்று பேர் மூன்று இடத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் பையன் பைண்டராகவே இருந்திருக்கக்கூடும். நீங்கள் நடத்தியது உரை மட்டும். மற்ற மூவரையும் ஏற்பாடு செய்வதுதான் உங்கள் இப்போதைய வேலை. கூட்டு முயற்சி என்று நிர்வாகங்கள் சொல்வதற்கு நடைமுறையில் இதுதான் பொருள்.

ஆகவே இந்த ஆண்டு ஐந்து பள்ளிக்குப் போகாதீர்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, அதே இரண்டு மூன்று தன்னார்வலர்கள், மாதம் ஒரு முறை. நிர்வாகத்துக்கு எண்ணிக்கை பிடிக்கும், 'ஆயிரம் மாணவர்களைச் சென்றடைந்தோம்' என்று போட்டால் அறிக்கை நன்றாக இருக்கும். ஆனால் முதல் சந்திப்பில் பிள்ளைகள் உங்களை வேடிக்கைதான் பார்ப்பார்கள். திரும்பத் திரும்பப் போனால்தான் கூச்சம் போய், "அக்கா, இதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். அளவீட்டைவிட நல்ல நுழைவாயில் அறிவியலில் கிடையாது. ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நூல், முனையில் கட்ட ஒரு சிறு எடை, மீட்டர் ஸ்கேல், நிறுத்துக் கடிகாரம் இருந்தால் போதும். முதலில் கேளுங்கள்: எடையைக் கூட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா? கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயரும். ஆடவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடுத்து, ஒரே ஊசலின் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று ஒவ்வொரு குழுவும் அளக்கட்டும். போய்வரும் ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு குழு 1.7 என்னும், இன்னொன்று 2.3 என்னும், சண்டை வரும். வரட்டும். "உங்கள் அளவு தப்பு" என்று சொல்லாமல், பத்து ஆட்டத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். எல்லாக் குழுவின் விடையும் 2 விநாடிக்குப் பக்கத்தில் வந்து நெருங்கும், நூல் ஒரு மீட்டராக இருந்தால். கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் பத்தில் ஒன்றாகப் பங்கு போடப்படுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு விநாடி பாதியாக வேண்டும், நூலை எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள். பாதி என்பார்கள். அரை மீட்டரில் 1.4 வரும். கால் மீட்டருக்கு வந்தால்தான் 1 விநாடி.

நூலைப் பிடிக்கும் இடம் நழுவாமல் இருக்கட்டும், நீளத்தை எடையின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும், ஆட்டம் சிறியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அளவு ஒத்துவராதபோது அவர்களே தேடட்டும். கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நான் தினமும் ஆபீஸில் செய்வது இதுதான், இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்." ராக்கெட் விடுகிறவர்களுக்கும் முதலில் நம்பகமான அளவு வேண்டும்.

உங்களைப் பற்றிப் பேசும்போது சாதனைப் பட்டியல் வேண்டாம். நியூயார்க்கில் வருமானம் குறைந்த பகுதிப் பள்ளிகளில் சியாடாங் லின்-சீக்லர் குழுவினர் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படித்த மாணவர்களைவிட, அவர்கள் பட்ட பாட்டையும் தோற்ற சோதனைகளையும் படித்தவர்கள் அறிவியலில் நன்றாக மதிப்பெண் எடுத்தார்கள். அதிலும் முன்பு பின்தங்கியிருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். எந்தப் பாடம் உங்களுக்கு வரவே வரவில்லை, எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். பொறியாளர்களை மட்டும் அழைத்துப் போகாமல், டெக்னீஷியன், ஆய்வக உதவியாளர், டிப்ளமோ படித்து வந்தவர் என்று கலந்து அழைத்துப் போங்கள். நாலு வருடப் பட்டப்படிப்பு ஒன்றே வழி என்று நினைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய செய்தி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. விஞ்ஞானியை வரையச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் 1983-ல் வெளியிட்ட முதல் முடிவுகளில், 4,807 பிள்ளைகளில் 28 பேர்தான் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தார்கள், அந்த 28 பேரும் சிறுமிகள். பிந்தைய தலைமுறைகளில் நிலைமை நிறையவே மாறியிருக்கிறது, ஆனாலும் வயது ஏற ஏற ஆணை வரைவது கூடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் மார்ஜரி ரோட்ஸ் குழுவினர் செய்து 2019-ல் வெளியிட்ட சோதனையில், "இன்றைக்கு விஞ்ஞானி ஆகலாம்" என்று தொடங்கியதைவிட "இன்றைக்கு அறிவியல் செய்யலாம்" என்று தொடங்கியபோது சிறுமிகள் விளையாட்டில் அதிக நேரம் நிலைத்தார்கள். மேடையில் நின்று "இங்கே எத்தனை வருங்கால விஞ்ஞானிகள் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். கை தூக்காத பிள்ளைக்குத் தன் இடம் எது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. வேலையைக் கையில் கொடுங்கள், 'விஞ்ஞானி' என்ற பட்டம் பிறகு வரட்டும்.

கூட்டாளிகளைப் பற்றி. பள்ளியில் தலைமையாசிரியரின் அனுமதி தேவைதான், ஆனால் உங்கள் உண்மையான கூட்டாளி வகுப்பு எடுக்கும் அறிவியல் ஆசிரியர். திட்டத்தைத் தயாரித்து முடித்துக்கொண்டு அவரிடம் போகாதீர்கள். வெறும் கையோடு போய், "இந்த ஆண்டுப் பாடத்தில் எது நடத்தச் சிரமம்? எந்த மாதம் உங்களுக்குத் தோது?" என்று கேளுங்கள். பாடத்தோடு ஒட்டாத நிகழ்ச்சி அவருக்குக் கூடுதல் சுமை, ஒட்டினால் துணை. நீங்கள் போன பிறகும் அவர் தொடர வேண்டும், ஆகவே கொண்டு போகும் பொருள் பள்ளியிலேயே தங்கட்டும். விலை உயர்ந்த ரோபோப் பெட்டி பீரோவில் பூட்டிக் கிடக்கும், நூலும் ஸ்கேலும் கிடக்காது.

கல்லூரியிலிருந்து ஆய்வகத்தைவிட மாணவர்களைக் கேட்டு வாங்குங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதுப் பொறியாளர் ரொம்பத் தூரம், பத்தொன்பது வயது அண்ணனோ அக்காவோ எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறார்கள். பிற நிறுவனங்களைச் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு பொறுப்பு என்று பிரித்துவிடுங்கள், மேடையில் பேனர் கட்டுவதற்காக மட்டும் வருகிறவர்களைக் கனிவாகத் தவிர்த்துவிடுங்கள். யார் தொடர்பு கொள்வது, எந்தத் தேதிகள், தன்னார்வலர் விலகினால் யார் வருவார், செலவு யாருடையது என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். வெளியாள் எவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, ஆசிரியர் எப்போதும் உடனிருக்க வேண்டும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். நிறுவனங்கள் மறக்கும் இடம் இது.

பணமே செலவில்லாமல் உண்மையான ஆய்வில் பங்கெடுக்கவும் வழி இருக்கிறது. 2007-ல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில், தொலைநோக்கிப் படங்களில் உள்ள விண்மீன் மண்டலங்களைப் பொதுமக்கள் இணையத்தில் வகைப்படுத்தினார்கள். நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கல் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு விசித்திர வாயு மேகத்தைக் கண்டார், அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த ஜூனிவர்ஸ் தளத்தில் விலங்குகளை எண்ணுவதிலிருந்து பழைய வானிலைக் குறிப்புகளைப் படிப்பது வரை பல ஆய்வுகள் நடக்கின்றன. பள்ளியில் ஒரு கணினி இருந்தாலும் குழுவாகச் செய்யலாம். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இல்லாத வேலை பிள்ளைகளுக்கு வேறு மாதிரி இருக்கும்.

பெற்றோரை ஆண்டுக்கு ஒரு முறையாவது அழையுங்கள். உரை வேண்டாம், பிள்ளைகள் ஊசலை ஆட்டிக் காட்டி விளக்கட்டும். பாடப்பிரிவு முடிவாவது வீட்டில்தான்.

பலனை எப்படி அளப்பது? நிகழ்ச்சி முடிந்ததும் "பிடித்ததா?" என்று தாளில் கேட்டால் எல்லோரும் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள். போன ஆண்டு உங்களிடம் இருந்ததும் அந்தத் தாள்தானே. முதல் சந்திப்புக்கு முன்பும், கடைசிச் சந்திப்பு முடிந்து மூன்று மாதம் கழித்தும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: இந்தத் துறையில் வேலை செய்யும் யாரையாவது பெயர் சொல்லித் தெரியுமா? உனக்குத் தெரிந்த ஸ்டெம் வேலைகளை எழுது. உன்னால் இதில் ஒன்றைச் செய்ய முடியும் என்று நினைக்கிறாயா? வீட்டில் யாரிடமாவது இதைப் பற்றிப் பேசினாயா? பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மொத்தத்தின் மாற்றம் போதும். அளவுக்கருவிக்காரரான உங்களுக்கு முன்னும் பின்னும் அளப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இந்த நாலு கேள்வியை நிர்வாகத்திடம் இப்போதே காட்டி, ஆண்டு இறுதி அறிக்கையில் தலை எண்ணிக்கைக்குப் பதில் இந்த விடைகள்தாம் இருக்கும் என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு அந்த ஆசிரியருக்குப் போன் செய்து, ஊசல் பாடம் எந்த மாதம் வருகிறது என்று கேளுங்கள்.