பிரேடியின் பந்தும் இரண்டு கேஜும்

கேள்வி: நாங்கள் பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். என் அண்ணன் குடும்பம் இண்டியானாபொலிஸில். தாங்க்ஸ்கிவிங்குக்கு ஒன்று சேர்ந்தால் சாப்பாடு மேசைக்கு வருவதற்கு முன்பே ‘டிஃப்ளேட்கேட்’ சண்டை தொடங்கிவிடும். அமெரிக்க ஃபுட்பாலில் எங்கள் பேட்ரியாட்ஸ் அணியும் அதன் பந்தெறியும் நாயகன் டாம் பிரேடியும் அண்ணன் ஊர் கோல்ட்ஸோடு ஆடியபோது பந்தில் காற்றைக் குறைத்தார்களா என்ற விவகாரம்தான் அது. “உங்க பிரேடி பந்துல காத்தைப் பிடுங்கி ஜெயிச்சவன்” என்பார் அண்ணன். “குளிர்ல எந்தப் பந்தும் இளைக்கும் மச்சான்” என்பார் என் கணவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இப்போது இதையே சயின்ஸ் ஃபேருக்கு எடுத்திருக்கிறான். வீட்டிலேயே சோதிக்க முடியுமா? எங்கே தப்பு வரும்? உண்மையில் யார் சொல்வது சரி?

பதில்: தாராளமாகச் சோதிக்கலாம். ஒரு பந்து, ஒரு கைப்பம்பு, காற்றழுத்தம் அளக்கும் கேஜ் இரண்டு, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் தேவை. கேஜ் எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். இந்த வழக்கின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

யார் சரி என்பதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது சரி. அதற்காக அண்ணன் சொல்வது பொய் என்று ஆகிவிடாது. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

நடந்தது இதுதான். 2015 ஜனவரி 18, ஃபாக்ஸ்பரோவின் ஜில்லெட் அரங்கம், மழை. சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் பேட்ரியாட்ஸ் அணி கோல்ட்ஸ் அணியை 45-7 என்று துவைத்து எடுத்தது. முதல் பாதியில் பிரேடி எறிந்த ஒரு பந்தை கோல்ட்ஸ் வீரர் டிக்வெல் ஜாக்சன் பறித்தார். அந்தப் பந்தில் காற்று குறைவு என்று கோல்ட்ஸ் தரப்பு புகார் சொல்ல, இடைவேளையில் நடுவர்கள் பந்துகளை அளந்தார்கள். விதிப்படி 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. வரை காற்று இருக்க வேண்டும். (நம் ஊர் பஞ்சர் கடையில் ‘பவுண்டு’ என்பார்களே, அதே கணக்கு.) பேட்ரியாட்ஸின் 11 பந்துகளும் 12.5-க்குக் கீழே இருந்தன.

அண்ணனைச் சீண்ட ஒரு தகவல். ஒவ்வோர் அணியும் தன் பந்தைத் தானே பதப்படுத்திக் கொண்டுவரலாம் என்ற விதி 2006-இல் வந்தது. அதற்காகக் கையெழுத்து வேட்டை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாம் பிரேடி, இன்னொருவர் அப்போது கோல்ட்ஸின் பந்தெறியும் நாயகனாக இருந்த பெய்ட்டன் மானிங். புதுப் பந்தின் தோல் மெழுகுபோல வழுக்கும். ஆளாளுக்குப் பிடித்த மாதிரி தேய்த்து, பழக்கி, காற்றைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்வது அப்போதிலிருந்து எல்லா அணியிலும் உள்ள வழக்கம். பிரேடிக்கு 12.5 பிடித்தது. அந்தக் காலத்தில் பேக்கர்ஸ் அணிக்குப் பந்தெறிந்த ஆரோன் ராட்ஜர்ஸுக்கோ கல் மாதிரி இருந்தால்தான் பிடித்தது.

இனி இயற்பியல். நவம்பரில் முதல் கடுங்குளிர் விழும் காலையில் உங்கள் காரில் டயர் விளக்கு மஞ்சளாக எரிந்திருக்குமே? யாரும் இரவில் வந்து காற்றைப் பிடுங்கவில்லை. காற்று குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். கேஜ் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக் கணக்குப் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் மகனும் அங்கேதான் சறுக்குவான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐயும் கூட்டித்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

பந்து 12.5 என்றால் உண்மையான அழுத்தம் 27.2. நடுவர் அறையின் வெப்பம் சுமார் 71 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 295 கெல்வின். மைதானத்தில் 48 டிகிரி, அதாவது 282 கெல்வின். 27.2-ஐ 282-ஆல் பெருக்கி 295-ஆல் வகுத்தால் 26.0. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் 11.3. யாரும் தொடாமலே 1.2 பவுண்டு காணாமல் போய்விட்டது. 14.7-ஐ மறந்துவிட்டு வெறும் 12.5-ஐ வைத்துப் போட்டால் அரை பவுண்டுதான் குறையும். “அரை பவுண்டுக்கு மேல் குறைந்ததெல்லாம் திருட்டு” என்று குதிப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள்.

இந்த ஆட்டங்களை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு விசாரணைக்கு நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸுக்காகக் கணக்குப் பார்த்த எக்ஸ்போனென்ட் நிறுவனமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. குளிர் மட்டுமே காரணமென்றால் பேட்ரியாட்ஸ் பந்துகள் 11.32-க்கும் 11.52-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றது. சரி, அளந்தபோது எவ்வளவு இருந்தது? அது நீங்கள் எந்த கேஜை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

என் தொழில் அழுத்தம் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒரே குழாயில் மாட்டிய இரண்டு கேஜ் அச்சு அசலாக ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று நடுவர்களிடம் இருந்த இரண்டு கேஜும் அப்படித்தான். ஒன்றில் வில்சன் முத்திரை இருந்தது, ஊசி நீளம், கொஞ்சம் வளைந்தும் இருந்தது. இன்னொன்றில் முத்திரை இல்லை. முத்திரை கேஜ் எப்போதும் மற்றதைவிட 0.3 முதல் 0.45 வரை கூடுதலாகக் காட்டும். முத்திரை கேஜில் 11 பந்துகளின் சராசரி 11.49. மற்றதில் 11.11. முதலாவதை நம்பினால் வானிலையே காரணம், வழக்கு முடிந்தது. இரண்டாவதை நம்பினால் 0.2-க்கு மேல் கணக்கில் இடிக்கிறது.

அப்படியானால் ஆட்டத்துக்கு முன் பந்துகளை 12.5 என்று சரிபார்த்தது எந்த கேஜை வைத்து? தலைமை நடுவர் வால்ட் ஆண்டர்சன், தன் நினைவில் முத்திரை கேஜ் என்றார். வெல்ஸ் அறிக்கையோ, அவர் சொன்ன மற்றதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, இதில் மட்டும் அவருக்கு நினைவுப் பிசகு, மற்ற கேஜாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியது. ஆட்டத்துக்கு முன் அளந்த எண்களை யாருமே எழுதிவைக்கவில்லை. பல கோடி டாலர் புரளும் ஆட்டம், ஒரு துண்டுக் காகிதம் இல்லை! எங்கள் தொழிலில் இப்படி ஓர் ஆய்வறிக்கை கொடுத்தால் மறுநாள் வேலை இருக்காது.

எக்ஸ்போனென்ட் தரப்பின் வலுவான வாதம் வேறு. அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அண்ணன் என்னை பாஸ்டன்காரன் என்பார். கோல்ட்ஸ் பந்துகளும் அதே மழையில், அதே குளிரில்தான் கிடந்தன. 13 சொச்சத்தில் தொடங்கிய அவை ஏன் அவ்வளவு இறங்கவில்லை? நியாயமான கேள்வி. ஆனால் அளந்தது நான்கே நான்கு கோல்ட்ஸ் பந்துகளை, அதுவும் பேட்ரியாட்ஸ் பந்துகளுக்குப் பிறகு. அதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. கதகதப்பான அறைக்குள் வந்த பந்து ஒவ்வொரு நிமிடமும் சூடேறிக்கொண்டே இருக்கும். 13-இல் தொடங்கிய பந்து மைதானக் குளிரில் 11.8-க்கு இறங்கியிருக்க வேண்டும். அளந்தபோது நான்கின் சராசரி 12.4-க்கு மேல். அதாவது பாதிக்கு மேல் மீண்டுவிட்டது. முதலில் அளந்த பந்தையும் கடைசியில் அளந்த பந்தையும் ஒப்பிடுவது, அடுப்பிலிருந்து இப்போது இறக்கிய காபியையும் பத்து நிமிடம் முன்பு இறக்கியதையும் ஒப்பிடுவது போல. போதாக்குறைக்கு, கோல்ட்ஸ் பந்துகளுக்கு வரும்போது இரண்டு நடுவர்களும் தங்களுக்குள் கேஜை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று அறிக்கையே ஊகிக்கிறது.

உங்கள் மகனின் சோதனைக்கு இதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘குளிரில் அழுத்தம் குறையும்’ என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு யாரும் பரிசு தரமாட்டார்கள். ‘குளிர்ந்த பந்து அறைக்குள் வந்த பிறகு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு மீள்கிறது’ என்பதுதான் நல்ல தலைப்பு.

செய்முறை. பந்தைக் கூடத்தில் இரண்டு மணி நேரம் வைத்து, 12.5-க்குக் காற்றடித்து, இரண்டு கேஜிலும் அளந்து எழுதிக்கொள்ளட்டும். பம்பு அடித்த உடனே அளந்தால் உள்ளே காற்று கொஞ்சம் சூடாக இருக்கும், அதனால் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். இரவு முழுதும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ், கூடம் 22 என்றால் காலையில் ஏறக்குறைய 10.8 காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் ஒரு தடவை, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் அளந்து வரைபடம் போடலாம்.

தப்பு வருகிற இடம் இரண்டு. ஒவ்வொரு முறை ஊசியைச் செருகும்போதும் கேஜுக்குள் கொஞ்சம் காற்று போகும். பத்துப் பதினைந்து முறை அளந்தால் அந்தக் கசிவே ஒரு ‘திருட்டாக’த் தெரியும். அதனால் ஃப்ரிட்ஜுக்குப் போகாத பந்தை அதே எண்ணிக்கையில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அதைக் கழிக்க வேண்டும். ஊசியை நனைத்துச் செருகுங்கள், வறண்ட ஊசி வால்வைக் கிழித்துவிடும். அடுத்தது ஈரம். அன்று மழை என்பதால் ஒரு பந்தைக் குளிர்ந்த நீரில் முக்கி, துண்டால் துடைத்துவிட்டு அளந்து பார்க்கட்டும். மேலே ஒட்டிய ஈரம் ஆவியாகும்போது பந்தின் சூட்டை இழுக்கும், மீள்வது தாமதமாகும். ஈரப் பந்தின் கோடு உலர்ந்த பந்தின் கோட்டுக்குக் கீழேயே ஓடும். சயின்ஸ் ஃபேர் நடுவர்களுக்கு முன் நிற்கும்போது இந்த இரண்டு கோடுகளே போதும்.

இனி அண்ணனின் பக்கம். ஆட்டத்துக்கு முன், பேட்ரியாட்ஸ் தரப்பில் வேலை செய்த நடுவர் அறை உதவியாளர் ஒருவர் பந்துப் பையோடு கழிப்பறைக்குள் போய் 1 நிமிடம் 40 வினாடி இருந்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அவரே ஒரு குறுஞ்செய்தியில் தன்னை ‘டிஃப்ளேட்டர்’, அதாவது காற்றை இறக்குபவர், என்று சொல்லிக்கொண்டார். அது உடம்பு இளைப்பதைக் குறிக்கும் கேலிப் பேச்சு என்று பேட்ரியாட்ஸ் தரப்பு விளக்கம் கொடுத்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விசாரணைச் சமயத்தில் பிரேடி தன் பழைய கைபேசியை அழிக்கச் சொன்னதும் அவருக்கு நல்லதாகப் படவில்லை. என் கணிப்பு இது: பந்தில் யாரோ கைவைத்திருக்கலாம். ஆனால் அன்றைய அளவுகளை வைத்து அதை நிரூபிக்க முடியாது. வெல்ஸ் அறிக்கையும் ‘நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்றது, பிரேடிக்குப் ‘பொதுவாகத் தெரிந்திருக்கலாம்’ என்றது. அதற்கு மேல் போகவில்லை.

தண்டனை மட்டும் தாராளம். பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், அதோடு புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டும் போயின. “கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லிடுச்சு” என்று அண்ணன் சொன்னால் திருத்துங்கள். 2015 செப்டம்பரில் நீதிபதி பெர்மன் தடையை ரத்து செய்தார், 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று மீண்டும் அதை உறுதி செய்தது. இரண்டு தீர்ப்பும் பேசியது வீரர் சங்க ஒப்பந்தப்படி என்.எஃப்.எல். ஆணையர் குடெலுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதைப் பற்றித்தான். பந்தில் காற்று பிடுங்கப்பட்டதா என்று எந்த நீதிமன்றமும் முடிவு சொல்லவில்லை.

‘பிரேடி காற்றால்தான் ஜெயித்தார்’ என்பதும் நிற்காது. இடைவேளையில் ஆட்டம் 17-7. பந்துகளுக்குக் காற்று நிரப்பிய பின் நடந்த இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் எடுத்தது 28, கோல்ட்ஸ் எடுத்தது 0.

அடுத்த பருவத்திலிருந்து பந்துகளுக்கு எண் போட்டு, ஆட்டத்துக்கு முன்பே அளவைப் பதிவு செய்தார்கள், சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்தார்கள். குளிர் ஆட்டங்களின் அந்த எண்கள் வெளிவந்திருந்தால் உங்கள் வீட்டுச் சண்டை எப்போதோ முடிந்திருக்கும். என்.எஃப்.எல். அவற்றை வெளியிடவே இல்லை.

தாங்க்ஸ்கிவிங் அன்றைக்கு ஒரு விளையாட்டு. ஒரே மாதிரி இரண்டு பந்துகளில் ஒன்றை 12.5, இன்னொன்றை 11.5 என்று வையுங்கள். இரண்டும் கூடத்திலேயே இருக்கட்டும், குளிர் கைக்குத் தெரிந்துவிடக் கூடாது. அண்ணனின் கண்ணைக் கட்டி, எது இளைத்த பந்து என்று கேளுங்கள். ஜாக்சனே பந்தைப் பறித்தபோது தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் பிறகு சொன்னார். ஒரு முறை சரியாகச் சொன்னால் கணக்கில்லை, குருட்டாம்போக்கில் பத்துக்கு ஐந்து யாருக்கும் வரும். பந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து இருபது முறை கேட்டு, ஒவ்வொரு பதிலையும் உங்கள் மகன் அப்போதைக்கு அப்போதே பேனாவில் எழுதிக்கொள்ளட்டும்.