பதினாறு நாள் ஷட்டவுனைப் பத்து நாளில் முடிக்க முடியுமா?

கேள்வி: குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஒரே பாய்லர்தான். வருடாந்திர ஷட்டவுனுக்கு 16 நாள் கேட்டிருந்தேன். குப்பை தேங்குகிறது, 10 நாளில் முடியுங்கள் என்கிறது நிர்வாகம். எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

பதில்: உங்கள் நிர்வாகத்தின் அவசரம் புரிகிறது. ஒரே பாய்லர் உள்ள இடத்தில் அடுப்பு நின்றால் ஊர்க் குப்பை முழுவதும் நிற்கும். சிங்கப்பூரின் துவாஸ் சவுத் ஆலையில் ஆறு அடுப்புகள் இருக்கின்றன. அங்கே ஒன்றை நிறுத்திப் பழுது பார்க்கும்போது மற்றவை ஓடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் நாளைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் அதை ஷட்டவுனுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும், பாய்லருக்குள் போனபிறகு குறைக்கக் கூடாது.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக், அதிலும் பிவிசி, அப்புறம் சாப்பாட்டுக் கழிவில் இருக்கும் உப்பு, இரண்டும் எரிந்து குளோரினைக் கொடுக்கின்றன. அது உப்புப் படலமாக, தண்ணீரும் நீராவியும் ஓடும் பாய்லர் டியூப் மேல் ஒட்டி, சூட்டில் இளகி, இரும்பைத் தின்கிறது. நிலக்கரி பாய்லரில் நீராவியை 540 டிகிரி வரை கொண்டுபோகிறவர்கள், குப்பை பாய்லரில் 400 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே நிறுத்திக்கொள்வது இதனால்தான். அப்படி இருந்தும் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரும், அடுப்புக்கு நேர்மேலே புகை ஏறும் முதல் பாஸில் ரிஃப்ராக்டரி (சூடு தாங்கும் உட்பூச்சு) முடியும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள டியூப்களும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஷட்டவுனின் உயிர்நாடி டியூபின் கனத்தை அளப்பதுதான்.

அளப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். டியூப் மேல் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும் கெட்டிப் படலத்தைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை மணலடித்து, ஜெல் தடவி, அப்புறம்தான் அல்ட்ராசோனிக் மீட்டரை வைக்க வேண்டும். சுத்தம் செய்யாத டியூபில் வரும் எண்ணை நம்பாதீர்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உடனே உலர்த்திவிடுங்கள். ஈரமான குளோரைடு டியூபை அரித்துக்கொண்டே இருக்கும்.

போன வருடம் அளந்த அதே புள்ளிகளில்தான் இந்த வருடமும் அளக்க வேண்டும். ஓர் உதாரணம்: போன வருடம் 4.6 மி.மீ., இந்த வருடம் 3.7. வருடத்துக்கு 0.9 தேய்கிறது. உங்கள் குறைந்தபட்சக் கனம் 3.0 என்றால் மிச்சம் 0.7 தான், அதாவது ஒன்பது மாத ஆயுள். அடுத்த ஷட்டவுன் பன்னிரண்டு மாதம் கழித்து வருகிறது. இந்த டியூபை இப்போதே மாற்றியாக வேண்டும். "இன்னும் 3-க்கு மேலேதானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிற இடம் இதுதான். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், நேரமில்லை என்று சூப்பர்ஹீட்டரின் பின்வரிசையை அளக்காமல் மேன்ஹோலை மூடினோம். ஆறாவது வாரம் டியூப் வெடித்தது. அதிலிருந்து பீறிட்ட நீராவி பக்கத்து டியூப்களையும் அறுத்துவிட்டது. மிச்சப்படுத்தியது இரண்டு நாள், இழந்தது பன்னிரண்டு நாள்.

இரண்டாவது, ஆறவிடும் நேரம். இதைச் சுருக்க யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அவசரமாகக் குளிர்வித்தால் ரிஃப்ராக்டரியில் வெடிப்பு விழும். அதைவிடப் பெரிய ஆபத்து, சுவரில் தொங்கும் கிளிங்கர், அதாவது உருகி இறுகிய சாம்பல் கட்டி. ஆறும்போது சுருங்கி, எந்த நேரத்திலும் பாறைபோல் விழும். மேலே தொங்குவதை வெளியிலிருந்தே தட்டி இறக்கி முடிக்கும்வரை சாரம் கட்ட ஒருவரைக்கூட உள்ளே விடாதீர்கள். அப்புறம்தான் காற்றுச் சோதனை: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கார்பன் மோனாக்சைடும் பார்க்க வேண்டும். மின்சாரம், நீராவி, அழுத்தக் காற்று எல்லாவற்றையும் பூட்டி, சாவியை உள்ளே போகிறவர் கையிலேயே கொடுங்கள். பறக்கும் சாம்பலில் ஈயம், காட்மியம், டயாக்சின் என்று நச்சுப் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. துணி மாஸ்க் போதாது. அந்த உடையோடு டீ குடிக்கப் போகவும் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இதை அவர்கள் மொழியில் சொல்லுங்கள், இந்தியோ ஒடியாவோ. அவர்களும் நம் ஆட்கள்தான்.

மூன்றாவது, புது ரிஃப்ராக்டரியை உலர்த்துவது. தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணைப்படி பர்னரில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் நீராவியாகி உடைத்துக்கொண்டு வரும். அடுப்பு 850 டிகிரியைத் தொடாமல் குப்பை போடவும் கூடாது, டயாக்சின் கிளம்பும்.

சரி, நாள் எங்கே மிச்சமாகும்? டியூப்கள் சான்றிதழோடு முன்கூட்டியே கிடங்கில் இருக்கட்டும். வெல்டர்களின் தேர்வு முன்பே முடியட்டும். பாய்லர் ஆய்வாளரின் தேதியை இப்போதே வாங்கிவிடுங்கள். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) முடிந்தும் அவருக்காக ஒரு நாள் காத்திருக்கிற ஆலைகள் நிறைய. கிரேட் (குப்பை எரியும் தட்டி), பேக் ஃபில்டர் (புகையின் தூசியை வடிகட்டும் பைகள்), டர்பைன் வேலைகள் பாய்லர் வேலையோடு கூடவே ஓடட்டும். இப்படிச் செய்தால் 13 நாள் வரை வரலாம் என்பது என் கணிப்பு. பத்து நாள் என்றால் அளப்பதையோ ஆறவிடுவதையோ வெட்டித்தான் ஆக வேண்டும். நான் அதற்குக் கையெழுத்துப் போடமாட்டேன்.

குப்பையைக் கொட்டி வைக்கும் பங்கரையும் மறந்துவிடாதீர்கள். வழக்கமாக அடுப்புக்கு வேண்டிய காற்றைப் பங்கரிலிருந்துதான் இழுக்கிறோம், அதனால் நாற்றம் உள்ளேயே அடங்குகிறது. அடுப்பு நின்றால் அந்த இழுப்பும் நின்றுவிடும். நாற்றம் ஊருக்குள் போகும், மீத்தேன் சேரும், குப்பை தானே புகைய ஆரம்பிக்கும். எனவே நிறுத்துவதற்கு முந்தைய வாரமே பங்கரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு காலி செய்யுங்கள். தனி எக்ஸாஸ்டும் கார்பன் ஃபில்டரும் ஓடுகிறதா என்று பாருங்கள். கிரேன் அறையில் இரவிலும் ஆள் இருக்கட்டும். 13 நாளும் லாரிகள் எங்கே போகவேண்டும் என்பதை மாநகராட்சியிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்தின் அவசரத்தில் பாதி அந்தக் கடிதம் வந்ததுமே குறைந்துவிடும்.