பதில்: புகையிலை நிறுவனம் தரும் இலவச வரைவு

வணக்கம். புகையிலை நிறுவனமொன்றின் நிதியில் இயங்கும் அறக்கட்டளை, உங்கள் சுகாதாரக் குழுவுக்கான புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறை வரைவைத் தானே இலவசமாக எழுதித் தருவதாகச் சொல்கிறது, ஏற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஏற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில், புகையிலைத் துறையின் தலையீட்டிலிருந்து சுகாதாரக் கொள்கைகளைக் காக்கச் சொல்லும் 5.3ஆம் பிரிவுக்காக 2008இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய வரைவை வாங்கக் கூடாது என்றே பரிந்துரைக்கின்றன. 1954இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள், மக்கள் நலனே தமக்குத் தலையாயது என்றும் ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்றும் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டன. உண்மையில் அவை புகைபிடித்தல் நோய் தரும் என்பதில் ஐயத்தையே வளர்த்தன என்பதைப் பின்னாளில் அவற்றின் உள் ஆவணங்களே காட்டிக்கொடுத்தன. வரைவு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், ‘இயன்றவரை’, ‘படிப்படியாக’ போன்ற சொற்கள் எந்த விதியில் நுழைந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தடை தளர்ந்திருக்கும். அந்த நிறுவனத்தாருடன் சந்திப்பு தவிர்க்க முடியாததானால், பேசியதைப் பதிவுசெய்து பொதுவில் வெளியிடுங்கள்.