சூடானதும் நின்றுபோகும் பழைய ஸ்ப்ளெண்டர்: இஞ்சினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்

வணக்கம் நண்பரே. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்ப்ளெண்டர் கால் மணி நேரம் ஓடியதும் நின்றுபோகிறது, ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது, மெக்கானிக் போர் வேலை (இஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்யச் சொல்கிறார் என்கிறீர்கள். புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் இப்போதைக்கு இஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வண்டி கிளம்பினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று புகாவிட்டால் கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பெட்ரோல் இறங்காது. மூடியைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்தி ஊதுங்கள், செலவே கிடையாது.

அதுவும் இல்லையென்றால் அந்தச் சூட்டிலேயே பிளக்கில் ஸ்பார்க் (தீப்பொறி) வருகிறதா என்று பாருங்கள். ஆறினபின் நன்றாகத்தான் அடிக்கும், பலரும் ஏமாறுவது இங்கேதான். பழைய பிளக்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, உதிரி பிளக் ஒன்றை பிளக் ஒயரின் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அதன் மரை இஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்து கிக் அடியுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பொறி வரவில்லையா? பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ, எப்போது பொறி அடிக்க வேண்டும் என்று சிக்னல் தரும் பல்சர் காயிலோ சூட்டில் விட்டுப்போகலாம். நன்றாக ஓடும் இன்னொரு ஸ்ப்ளெண்டரின் காயிலை மாட்டிப் பார்த்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியாக இருந்தும் சூட்டில் கிக்கர் லூசாக இறங்கினால் டாப்பெட் (வால்வைத் திறக்கும் பாகத்தில் இருக்க வேண்டிய சிறு இடைவெளி) இறுக்கமாக இருக்கலாம். இஞ்சின் முழுக்க ஆறினபின் இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்து செட் பண்ணச் சொல்லுங்கள்.